வளர்த்த மண்ணுக்கும் ஒரு பங்கு

கோவில்பட்டியிலிருந்து ஜகார்த்தா, தாஷ்கண்டிலிருந்து மான்செஸ்டர்: பருத்திக் காட்டுப் பிள்ளைகள் ஏறிய படிகளும், நம் ஊரில் இன்னும் கட்டப்படாத படிகளும்

2022 மே 23. ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஹாக்கி. இந்தியாவுக்கு முதல் ஆட்டமே பாகிஸ்தானுடன். முதல் கால் பகுதியிலேயே இந்தியா ஒரு கோல் போட்டது. போட்டவர் செல்வம் கார்த்தி. இந்திய சீனியர் அணிக்காக அவர் இறங்கிய முதல் ஆட்டம் அது. அரியலூர்க்காரர் என்றாலும் கோவில்பட்டி அரசு விளையாட்டு விடுதியில் தங்கி ஆட்டம் பழகியவர். அதே அணியில் இன்னொரு முன்கள வீரர் சக்திவேல் மாரீஸ்வரன். அவருக்குச் சொந்த ஊரே கோவில்பட்டி.

கடைசி நிமிடங்களில் பாகிஸ்தான் ஒரு கோல் திருப்பி ஆட்டத்தைச் சமன் செய்தது. ஆனாலும் அந்தத் தொடரை இந்தியா வெண்கலத்தோடு முடித்தது. தமிழ்நாட்டுக்கு அது வெறும் வெண்கலம் அல்ல. மாஸ்கோவில் 1980-ல் தங்கம் வென்ற அணிக்குத் தலைமை தாங்கிய வாசுதேவன் பாஸ்கரனைத் தந்த மாநிலம், இந்திய அணிப் பட்டியலில் தன் பிள்ளைகளின் பெயரைத் தேடித் தேடிச் சலித்திருந்த காலம் அது. ஒரே நேரத்தில் இரண்டு பெயர்கள் வந்தன. இரண்டும் ஒரே விடுதியிலிருந்து.

அதே மே மாதம், அதே நாட்களில், தேசிய ஜூனியர் ஆடவர் ஹாக்கிப் போட்டி நடந்துகொண்டிருந்த ஊர் எது தெரியுமா? கோவில்பட்டி. பஞ்சாப், உத்தரப்பிரதேசம், ஒடிசா என்று நாடெங்கிலுமிருந்து வந்த பையன்கள் கரிசல் வெயிலில் ஓடிக்கொண்டிருந்தபோது, அந்த மைதானத்தில் வளர்ந்த இருவர் கடல் கடந்து நாட்டுக்காக ஆடிக்கொண்டிருந்தார்கள்.

2011 கணக்கெடுப்பில் ஒரு லட்சம் மக்கள்கூட இல்லாத ஊர் இது. ‘ஹாக்கிப்பட்டி’ என்று செல்லமாகச் சொல்வார்கள். இந்த ஊர் பிள்ளைகளை வளர்க்கிறது, வெளியே அனுப்புகிறது. அதன் பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகிறது? அனுப்பிய ஊருக்கு என்ன கிடைக்கிறது? இந்த இரண்டு கேள்விகளையும் உரக்கக் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மானாவாரியில் முளைத்த ஆட்டம்

கோவில்பட்டியைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் கரிசல். மழை பெய்தால் காலை விடாத களி. காய்ந்தால் கை நுழையும் அளவுக்குப் பிளவு. வானத்தை நம்பி விதைக்கும் மானாவாரிக் காடு. புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை அடைமழைக்காகக் காத்திருக்கும் விவசாயம். உளுந்து, பாசி, கம்பு, சோளம், மிளகாய், இவற்றோடு பருத்தி. இந்த வறண்ட மண்ணில் எது விளையும் என்று ஆராய 1901-லேயே இங்கே ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். கருங்கண்ணிப் பருத்தியின் பல ரகங்கள் இங்கிருந்து வெளிவந்தவை.

பருத்தி இருந்ததால் மில் வந்தது. மழை பொய்த்த வருடங்களில் சோறு போட தீப்பெட்டி ஆபீஸ் வந்தது. கட்டை அடுக்கும் வேலையும் பெட்டி ஒட்டும் வேலையும் வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்தன. தீப்பெட்டித் தொழிலில் பிள்ளைகள் வேலை பார்ப்பதை 1986-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அதற்கு முன்பு விடியுமுன்னே வேன் வந்து கிராமத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன கதை இந்த வட்டாரத்தில் வயதானவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

இந்த ஊரில் ஹாக்கி தழைத்தது ஆச்சரியம்தான். பல ஊர்களில் கிரிக்கெட் மட்டை பிடித்த கைகள், இங்கே தலைமுறை தலைமுறையாக ஹாக்கி மட்டை பிடித்தன. அண்ணன் ஆடுவதைப் பார்த்துத் தம்பி, மாமன் ஆடுவதைப் பார்த்து மருமகன் என்று வந்த தொடர்ச்சி அது. பள்ளிக்கூட மைதானங்களும், பாண்டவர்மங்கலம் போன்ற சுற்று வட்டார ஊர்களின் பொட்டல்களும் அதற்கு நாற்றங்கால். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதி, அந்த நாற்றை எடுத்து நட்டது. கே.ஆர். கல்விக் குழுமம் ஆண்டுதோறும் நடத்தும் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி அதற்கு நீர் பாய்ச்சியது. ரயில்வே, எண்ணெய் நிறுவனங்கள், ராணுவம் என்று நாட்டின் பெரிய அணிகள் வந்து மின்னொளியில் ஆடும்போது, டவுசர் போட்ட பையன் கம்பி வேலிக்கு வெளியே நின்று சர்வதேச வீரரின் மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது என்று பார்த்துக் கற்றுக்கொள்கிறான்.

தண்ணீர் குடிக்கும் மைதானம்

செயற்கைப் புல்தரையில் ஆட்டம் தொடங்கும் முன்பு நடப்பதை அருகில் நின்று பார்க்க வேண்டும். மைதானத்தைச் சுற்றி நிற்கும் பெரிய தெளிப்பான்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். நீல விரிப்பின் மேல் தண்ணீர் வளைந்து வளைந்து விழும். விரிப்பு முழுக்க நனைந்து மினுங்கிய பிறகுதான் வீரர்கள் உள்ளே இறங்குவார்கள். நனையாத விரிப்பில் பந்து துள்ளும். சறுக்கி விழுந்தால் முழங்கால் தோல் உரிந்து போகும். நனைந்துவிட்டால் பந்து மட்டையிலிருந்து சீறிப் பாயும். கோடை மதியத்தில் ஓர் இடைவேளைக்குள் அத்தனை ஈரமும் காய்ந்துவிடும். மறுபடி நனைக்க வேண்டும்.

சீவலப்பேரியிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரை எதிர்பார்த்து குடத்தோடு காத்திருந்து பழகிய ஊர் இது. அப்படிப்பட்ட ஊர் ஒரு ஹாக்கி மைதானத்துக்குத் தண்ணீர் வார்க்கிறது என்றால், அந்த ஆட்டத்தின் மீது எவ்வளவு ஆசை வைத்திருக்க வேண்டும்!

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறியது. அந்த ஒலிம்பிக்கில் இந்தியா ஏழாவது இடத்துக்கு இறங்கியது. மண் தரையில் மன்னர்களாக இருந்தவர்கள் புதுத் தரை கிடைக்காமலே பின்தங்கினார்கள். ஒரு தரை இல்லாததால் எத்தனை கால்கள் வீணாகப் போயின என்பதற்கு இந்திய ஹாக்கியே சாட்சி. ஆகவே கோவில்பட்டிக்கு டர்ஃப் வந்தது சின்ன விஷயமல்ல. மாரீஸ்வரனும் கார்த்தியும் இந்திய அணிக்குள் நுழைந்ததில் அவர்களின் உழைப்புக்கு அடுத்தபடியாக அந்தத் தரைக்கும் விடுதிக்கும் பங்கு உண்டு.

இன்னொரு பருத்தி நாடு

இங்கிருந்து வெகு தூரத்தில் இன்னொரு பருத்தி நாடு இருக்கிறது. உஸ்பெகிஸ்தான். சோவியத் ஆட்சியில் அந்த நாட்டின் ஆறுகளைப் பருத்தி வயலுக்குத் திருப்பினார்கள்; ஏரல் கடலே வற்றிப் போனது. அறுவடைக் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் காட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். சுதந்திரம் பெற்ற பிறகும் அந்தக் கொடுமை பல காலம் தொடர்ந்தது. உலக நிறுவனங்கள் உஸ்பெக் பருத்தியைப் புறக்கணித்தன. அரசே ஏவும் கட்டாய உழைப்பு ஒழிந்தது என்று உறுதியான பிறகு, 2022 மார்ச்சில்தான் அந்தப் புறக்கணிப்பு முடிவுக்கு வந்தது. பிள்ளைகளின் கைகளைத் தொழிலிடமிருந்து மீட்ட வரலாறு அவர்களுக்கும் உண்டு, நமக்கும் உண்டு.

அந்த நாட்டின் கால்பந்து அணி 2025 ஜூன் 5 அன்று அபுதாபியில் ஐக்கிய அரபு அமீரகத்தோடு கோலின்றிச் சமன் செய்து, வரலாற்றில் முதல் முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அதற்கு முன்பு 2006, 2014 உலகக் கோப்பைகளின் வாசல் வரை வந்து திரும்பியவர்கள் அவர்கள். இந்த முறை எது மாறியது?

ஒரு பையனின் பாதையைப் பார்த்தால் விடை கிடைக்கும். அப்துகோதிர் ஹுசனோவ். 2004 பிப்ரவரி 29-ல் தாஷ்கண்டில் பிறந்தவர். புன்யோத்கோர் சங்கத்தின் பயிற்சிக் கூடத்தில் ஆட்டம் பழகினார். பதினெட்டு வயதில் வெளிநாடு கிளம்பினார். நேரே லண்டனுக்கோ மாட்ரிட்டுக்கோ அல்ல. பெலாரஸ் நாட்டின் மின்ஸ்க் நகரத்தில் உள்ள எனர்கெடிக் என்ற சிறிய சங்கத்துக்கு. அங்கே ஒவ்வொரு வாரமும் பெரியவர்களோடு மோதினார். அடுத்த வருடம் பிரான்சின் லான்ஸ் சங்கம் அவரை வாங்கியது. விலை சுமார் ஒரு லட்சம் யூரோ என்று செய்திகள் வந்தன. 2025 ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டி அவரை வாங்கியபோது விலை சுமார் 4 கோடி யூரோ. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ஆடிய முதல் உஸ்பெக் வீரர் அவர்தான்.

முதல் ஆட்டம் செல்சியோடு. மூன்றாவது நிமிடத்தில் பந்தைத் தலையால் தன் கோல்கீப்பருக்குத் தட்டினார், தூரம் போதவில்லை. எதிரணி குறுக்கே புகுந்து கோல் போட்டது. அடுத்த நிமிடங்களில் மஞ்சள் அட்டையும் வாங்கினார். இருபது வயதுப் பையனுக்கு உலகமே பார்க்க நேர்ந்த அடி அது. அணி அன்று 3-1 என்று வென்றது. அவரையும் யாரும் ஒதுக்கவில்லை. அடுத்தடுத்த ஆட்டங்களில் மறுபடி இறக்கினார்கள். தவறிய பிள்ளைக்கு மறு வாய்ப்பு கிடைத்தது.

இந்தப் பாதையில் நான் பார்ப்பது படிக்கட்டு. தாஷ்கண்ட், மின்ஸ்க், லான்ஸ், மான்செஸ்டர். ஒவ்வொரு படியும் கால் எட்டும் உயரத்தில் இருந்தது. உஸ்பெக் கால்பந்து சம்மேளனம் 2021-ல் இன்னொரு காரியமும் செய்தது. வளரும் இளம் வீரர்களை ஒரே அணியாகத் திரட்டி, ‘ஒலிம்பிக்’ என்ற பெயரில் ஒரு சங்கமாக்கி, நாட்டின் முதல் நிலை லீக்கில் ஆட வைத்தது. பதினெட்டுக்கும் இருபத்தொன்றுக்கும் இடையில் ஒரு விளையாட்டு வீரன் தொலைந்து போகும் வயது இருக்கிறதே, அந்த வயதில் அவனுக்கு வாரா வாரம் ஆட்டம் கிடைக்கட்டும் என்பதே நோக்கம். 2023-ல் இருபது வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பை, 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக், 2025-ல் உலகக் கோப்பைத் தகுதி என்று பலன் வரிசையாக வந்தது.

உடைந்த மட்டையோடு உலகம் சுற்றியவர்

இப்படி வெளிநாட்டுச் சங்கங்களில் ஆடிப் பெயர் வாங்கிய தமிழர் நமக்கும் ஒருவர் உண்டு. தன்ராஜ் பிள்ளை. புனே அருகே கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. அப்பா மைதானப் பராமரிப்பாளர். புது மட்டை வாங்க வழியில்லாமல், உடைந்த மட்டையைக் கயிறு சுற்றி ஆடிப் பழகியவர். நான்கு ஒலிம்பிக் ஆடினார். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணிக்குத் தலைமை தாங்கினார். லண்டன், பிரான்சின் லியோன், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட், மலேசியா, வங்கதேசம் என்று அவர் ஆடாத ஊர் குறைவு. உலகின் தலைசிறந்த தடுப்பாளர்களுக்கு எதிராக ஆண்டு முழுக்க ஆடும் பழக்கம் அவருக்கு அங்கே கிடைத்தது.

ஆனால் அவர் போனது அவருடைய சொந்தப் பெயரால், சொந்தத் துணிச்சலால். அவருக்குப் பின்னால் வருகிறவன் ஏறுவதற்கு யாரும் அங்கே ஏணி சாத்தி வைக்கவில்லை. இன்று கோவில்பட்டியில் பதினெட்டு வயதில் விடுதியை விட்டு வெளியே வரும் பையனுக்கு முன்னால் என்ன இருக்கிறது? கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஓர் இடம். அப்புறம் ரயில்வே, வங்கி, போலீஸ், எண்ணெய் நிறுவனம் என்று எங்காவது ஒரு வேலை. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடும் இருக்கிறது. எளிய குடும்பத்துப் பிள்ளைக்கு மாதச் சம்பளம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது கரிசல்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வேலையைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் அந்த வேலை கைக்கு வரும் வரைக்கும் உள்ள நான்கைந்து வருடங்களே வீரனைத் தீர்மானிக்கின்றன. அந்த வருடங்களில் அவனுக்கு வாராந்திர லீக் இல்லை. வருடத்தில் சில போட்டிகள், சில கேம்ப்கள், நடுவே நீண்ட காத்திருப்பு. பத்தாயிரத்தைத் தாண்டும் கார்பன் மட்டை ஒன்று உடைந்தால் வீட்டில் கேட்கத் தயங்குகிறான். தீப்பெட்டி ஆபீஸிலோ, மில்லிலோ, குவாரியிலோ ஆள் கேட்கிறார்கள் என்று செய்தி வருகிறது. திறமை தீர்ந்து போய் யாரும் மட்டையைக் கீழே வைப்பதில்லை. பஸ்ஸுக்குக் காசு தீர்ந்து போய்த்தான் வைக்கிறார்கள்.

ஐந்து சதவீதம் என்ற நியாயம்

உஸ்பெக் பையனின் கதையில் பலரும் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. ஃபிஃபா விதிப்படி, ஒரு வீரர் ஒரு நாட்டுச் சங்கத்திலிருந்து இன்னொரு நாட்டுச் சங்கத்துக்கு விலை பேசி மாறும்போது, அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த சங்கங்களுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும். 12 முதல் 15 வரை வருடத்துக்குக் கால் சதவீதம். 16 முதல் 23 வரை வருடத்துக்கு அரை சதவீதம். அவர் எத்தனை முறை இப்படி மாறினாலும் ஒவ்வொரு முறையும் வளர்த்தவர்களுக்குப் பங்கு போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சங்கம் ஒரு பையனை 12 வயது முதல் 17 வயது வரை, ஆறு பருவம் வளர்த்தது என்று வையுங்கள். அவன் பின்னாளில் 4 கோடி யூரோவுக்கு விலை போனால், அந்தச் சங்கத்துக்கு 2 சதவீதம். அதாவது 8 லட்சம் யூரோ. நம் பணத்தில் ஏழு கோடி ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்தில் இன்னொரு தலைமுறைக்கே தரையும் காலணியும் பாலும் முட்டையும் வந்துவிடும். எங்கோ ஒரு பணக்காரச் சங்கத்தின் பணம், சட்டத்தின் வழியாக ஓர் ஏழைத் தெருவின் மைதானத்துக்குத் திரும்பி வருகிறது.

இப்போது நம் ஹாக்கியைப் பாருங்கள். 2017-க்குப் பிறகு நின்று போன ஹாக்கி இந்தியா லீக், 2024 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. அந்த அக்டோபரில் டெல்லியில் நடந்த ஏலத்தில் இந்திய அணித் தலைவர் ஹர்மன்பிரீத் சிங் 78 லட்சம் ரூபாய்க்குப் போனார். தமிழ்நாட்டின் பெயரிலும் ஓர் அணி இருக்கிறது. வீரர்களுக்கு இவ்வளவாவது கிடைப்பது மகிழ்ச்சி. ஆனால் அந்த வீரனுக்குப் பத்து வயதில் மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்த கிராமத்துச் சங்கத்துக்கு, விடுதிக்கு, சம்பளமில்லாமல் விடிகாலையில் விசில் ஊதிய பயிற்சியாளருக்கு ஏலத்தொகையில் என்ன பங்கு? இங்கே ஃபிஃபா விதி போல ஒன்று வேண்டும். வீரனின் கையிலிருந்து பிடுங்காமல், வாங்கும் அணி தன் பங்குக்கு மேலே 5 சதவீதம் வைத்தால் போதும். 78 லட்சத்தில் 5 சதவீதம் 3 லட்சத்து 90 ஆயிரம். ஒரு கிராமத்துச் சங்கத்தின் பிள்ளைகள் எல்லோருக்கும் அது ஒரு வருட மட்டையும் பந்தும்.

செய்ய வேண்டியவை

2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 நாடுகள் வந்தன. கோவில்பட்டியிலிருந்து மதுரை சுமார் நூறு கிலோமீட்டர்தான். உலகமே நம் வாசலுக்கு வந்து போன இந்தச் சமயத்தில் மேடையோடும் விளக்கோடும் நின்றுவிடக் கூடாது.

முதலில், தென் மாவட்டங்களுக்கென்று வாராந்திர லீக் வேண்டும். கோவில்பட்டி, மதுரை, திருநெல்வேலி என்று டர்ஃப் உள்ள ஊர்களை இணைத்து, ஜூன் முதல் பிப்ரவரி வரை ஞாயிறுதோறும் ஆட்டம். பதினெட்டு வயதைக் கடந்தவர்களுக்கு அதில் தனி இடமும் பயணப்படியும் வேண்டும்.

இரண்டாவது, அரசும் பெரிய நிறுவனங்களும் சேர்ந்து வருடத்துக்குச் சில இளைஞர்களையாவது ஒரு பருவம் நெதர்லாந்து, ஜெர்மனி, பெல்ஜியம், மலேசியா போன்ற நாடுகளின் சங்கங்களில் ஆட அனுப்ப வேண்டும். பெரிய சங்கம் தேவையில்லை. மின்ஸ்க் போல ஒரு சிறிய படி போதும்.

மூன்றாவது, பெண் பிள்ளைகள். 2025 ஜனவரியில் பெண்களுக்கான ஹாக்கி லீக் தொடங்கியபோது நான்கு அணிகளில் தமிழ்நாட்டு அணி ஒன்றுகூட இல்லை. இந்த வட்டாரத்தின் பொருளாதாரத்தைத் தீப்பெட்டி ஆபீஸில் தோளில் தாங்கியவர்கள் பெண்கள். அவர்களின் மகள்களுக்கு மைதானத்தில் பாதி நேரம் எழுதி வைக்கப்பட வேண்டும்.

நான்காவது, வளர்த்தவர்களுக்கான அந்த ஐந்து சதவீதம். மற்ற மூன்றும் தொடர்ந்து நடக்க வேண்டுமானால் இது இருந்தே ஆக வேண்டும். யாருடைய தயவையும் எதிர்பார்க்காமல் பணம் வர வேண்டும். உரிமையாக வர வேண்டும்.

2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் மலேசியாவுக்கு எதிரான லீக் ஆட்டத்தில் கார்த்தி முதல் கோலை அடித்தபோது, எழும்பூர் மைதானமே எழுந்து நின்றது. அந்தத் தொடரில் இந்தியா கோப்பையை வென்றது. சொந்த மாநில மக்கள் முன்னால் அவர் நின்ற அந்த இடத்தில் இன்னும் பத்துப் பேர் நிற்க முடியும். கரிசல் காட்டில் அவர்கள் இருக்கிறார்கள். இன்று காலையிலும் பயிற்சிக்கு வந்திருப்பார்கள்.

பிள்ளை வெளியூர் போவதைப் பற்றிக் கோவில்பட்டிக்கு வருத்தம் கிடையாது. திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிப் பழகிய மண் இது. போகிறவன் உயரப் போகட்டும், ஆம்ஸ்டர்டாமுக்கே போகட்டும். அவன் சம்பாதிப்பதில் அவனை வளர்த்த மைதானத்துக்கும் சட்டப்படி ஒரு பங்கு வரட்டும். அதைக் கேட்டு வாங்கும் குரல் கோவில்பட்டியிலிருந்தே முதலில் எழ வேண்டும். இத்தனை காலம் கொடுத்த ஊருக்கு அந்த உரிமை இருக்கிறது.